மூத்த பிள்ளைக்கு வரும் நோய்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் சவலைப் பிள்ளை என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு பிள்ளை பால்குடி மறக்கும் முன்பே தாய் அடுத்த பிள்ளையைச் சுமக்கத் தொடங்கிவிடுவார். பால் வற்றும், அல்லது மறுக்கப்படும். மடியும் பறிபோகும். அந்தப் பிள்ளை மெலியும், சோறு வேண்டாம் என்னும், எந்நேரமும் சிணுங்கிக்கொண்டு திரியும். அம்மம்மாமார் பார்த்த உடனே பெயர் சொல்லிவிடுவார்கள். ஆனால் வைத்தியசாலையில் தரும் டயக்னோசிஸ் காட்டில் இந்தச் சொல்லை நான் ஒருநாளும் கண்டதில்லை.

ஆபிரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய கானாவின் தலைநகரான அக்ராவில் பேசப்படும் கா மொழியிலும் இதே மாதிரி ஒரு சொல் இருந்தது. குவாசியோக்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பதே அங்குள்ளவர்கள் அதற்குச் சொன்ன பொருள். எங்கள் சொல் அகராதியோடு நின்றுவிட்டது. அவர்களுடைய சொல் உலகமெங்கும் வைத்தியசாலைகள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியலில் ஏறி, ஈ40 என்ற குறியீட்டையும் பெற்றது. அப்படி ஏறியதற்கு ஒரு பெண் வைத்தியர் காரணம். அவர் சிசிலி வில்லியம்ஸ். பாடசாலையில் நோயின் பெயரை மனப்பாடம் செய்தோம். அதை எழுதி வைத்தவரின் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை.

சிசிலி டெல்பின் வில்லியம்ஸ் 1893 டிசம்பர் 2ஆம் திகதி ஜமெய்க்காவில் பிறந்தார். தலைமுறைகளாக அந்தத் தீவில் தோட்டங்களை வைத்திருந்த வெள்ளைக் குடும்பம். தகப்பன் அந்நாட்டின் கல்விப் பணிப்பாளர். 13 வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 19 வயதில் ஒக்ஸ்போர்ட்டில் இடம் கிடைத்தது. ஆனால் நிலநடுக்கத்தாலும் புயலாலும் ஜமெய்க்காவில் குடும்பம் நொடிந்திருந்ததால் திரும்பிப்போய் வீட்டுக்கு உதவியாக இருந்தார். 1916இல் தகப்பன் இறந்த பிறகுதான் மீண்டும் ஒக்ஸ்போர்ட். அப்போது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் போர்முனையில் நின்றதால் மருத்துவ வகுப்புகளில் இடம் காலியாகி, பெண்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. அந்த இடைவெளிக்குள்ளால் நுழைந்தவர்களில் இவரும் ஒருவர்.

போர் முடிந்ததும் கதவு திரும்பவும் சாத்தப்பட்டது. ஆண் வைத்தியர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள், பெண்களுக்கு வேலை கிடைப்பது கடினமாகியது. லண்டனில் ஹக்னி பகுதியிலிருந்த சிறுவர் வைத்தியசாலையில் வேலை செய்தபோதுதான் இனிக் குழந்தை மருத்துவமே தன் வழி என்று முடிவு செய்தார். ஒரு பிள்ளையின் வீட்டைத் தெரியாமல் அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்ற எண்ணமும் அங்கேயே அவருக்குள் ஊன்றியது. பிறகு கிரேக்கத்தின் சலோனிக்காவில் அகதிகளிடையே சில காலம். அதன்பின் லண்டனில் வெப்பமண்டல மருத்துவப் படிப்பு. 1929இல் பிரித்தானியக் குடியேற்ற நாட்டுச் சேவை அவரை அன்றைய கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது கானாவுக்கு, அனுப்பியது. பதவியின் பெயரே பெண் மருத்துவ உத்தியோகத்தர். அதே வேலையைச் செய்த ஆண் உத்தியோகத்தருக்குக் கொடுத்ததைவிடச் சம்பளம் குறைவு.

அக்ராவில் இளவரசி மேரி லூயிஸ் சிறுவர் வைத்தியசாலையில் அவர் கண்ட பிள்ளைகளுக்கு வயது ஒன்றிலிருந்து நாலுக்குள். காலும் கையும் வீங்கியிருக்கும். தெரியாத கண்ணுக்கு அது கொழுத்த பிள்ளை போலத் தோன்றும். முடி நிறம் மாறி ஐதாகும். தோல் கறுத்து, உரிந்து, புண்ணாகும். வயிற்றோட்டம் நிற்காது. தொட்டால் அழும், தொடாவிட்டாலும் முனகும். வைத்தியம் இல்லாவிட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். இறந்த பிள்ளைகளின் உடல்களை வில்லியம்ஸ் தானே பரிசோதித்தார். ஈரல் கொழுப்பேறிக் கிடந்தது.

அன்று அங்கிருந்த ஏனைய வைத்தியர்கள் இதை வெவ்வேறு பெயர்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதிகம் எழுதப்பட்டது பெலக்ரா, விற்றமின் குறைவால் வரும் இன்னொரு தோல் நோய். வில்லியம்ஸ் தாய்மாரிடமும் அங்கு வேலை செய்த உள்ளூர்த் தாதியரிடமும் கேட்டார். இந்தப் பிள்ளைக்கு முதல் என்ன கொடுத்தீர்கள், எப்போது பால் மறக்கப்பட்டது, அடுத்தது எப்போது பிறந்தது. பதில்கள் ஒரே மாதிரி வந்தன. அடுத்த பிள்ளை வந்ததும் மூத்தது மடியை விட்டு இறக்கப்படுகிறது. அதற்குப் பிறகு அது சாப்பிடுவது புளிக்கவைத்த சோளமாவில் செய்த கஞ்சியும் கெங்கியும் மட்டும். வயிறு நிரம்பும். ஆனால் வளரத் தேவையானது அதில் இல்லை. இந்த நோய்க்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருப்பதும் அப்போது தெரியவந்தது.

1933இல் அவர் எழுதிய முதல் கட்டுரை லண்டனில் ஒரு சிறுவர் நோய் ஆய்விதழில் வந்தது. சோள உணவோடு தொடர்புடைய சிறுவர் போசணை நோய் என்பது அதன் தலைப்பு. ஏதோவொரு புரதமோ அமினோ அமிலமோ குறைவதாக இருக்கலாம் என்று கவனமாக எழுதினார். அடுத்த ஆண்டே ஹியூ ஸ்டானஸ் என்ற, ஆபிரிக்க நோய்களில் பெயர் பெற்ற நிபுணர் அதே இதழில் மறுப்பு எழுதினார். இது பெலக்ராதான், புதிதாக ஒன்றுமில்லை என்பது அவர் வாதம். 1935இல் லான்செட் இதழில் வில்லியம்ஸ் பதில் கொடுத்தார். இம்முறை கா மொழிச் சொல்லையே தலைப்பில் வைத்தார்.

அந்தத் தலைப்பைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு புது நோயைக் கண்டவர் அதற்குத் தன் பெயரையோ ஒரு லத்தீன் சொல்லையோ வைப்பதுதான் அன்றைய வழக்கம். குடியேற்ற ஆட்சியின் வைத்தியர் ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஆட்சி கணக்கில் எடுக்காத தாய்மாரின் சொல்லை லண்டன் இதழின் தலைப்பில் போட்டார். பெலக்ரா என்று எழுதினால் விற்றமினோடு கதை முடிந்துவிடும். குவாசியோக்கர் என்ற சொல்லுக்குள் தாய், அடுத்த பிள்ளை, பால், சோளக்கஞ்சி எல்லாம் இருந்தன. காரணம் பெயருக்குள்ளேயே இருந்தது.

அக்ராவில் அவர் செய்த மற்ற வேலைகள் இன்று எங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை போட்டுத் தகவல்களைப் பதிந்தார். தாதியரைப் பழக்கி வீடுகளுக்கு அனுப்பினார். நோயுற்ற பிள்ளையையும் சுகமான பிள்ளையையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும், தடுப்பும் சிகிச்சையும் வேறு வேறு திணைக்களங்களில் இருக்கக் கூடாது என்று வாதாடினார். குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து நிறை பார்த்து கொப்பியில் புள்ளி வைப்பதைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு, இதற்காக ஒருவர் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது என்பது புதினமாக இருக்கும். மேலதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1936இல் மலாயாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தபடி வைத்தியசாலையிலும் வேலை செய்தார். எங்கள் பூட்டன்மார் பலர் புகையிரதத்திலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாக இருந்த அதே மலாயா, அதே காலம். அங்கே அவர் கண்டது வேறொரு பிரச்சினை. பட்டினியால் பால் வற்றிய தாய்மார் அல்ல, நல்ல பால் இருந்தும் அதை நிறுத்திவிட்ட தாய்மார். கம்பனிகள் தாதியரின் உடுப்பை மாட்டிவிட்ட பெண்களை வீடுகளுக்கு அனுப்பி, இனிப்பூட்டிய ரின்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று சொல்ல வைத்தன. சுத்தமான தண்ணீர் இல்லாத வீடுகளில் தண்ணீர் கூட்டிக் கரைத்த அந்தப் பாலைக் குடித்த பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் இறந்தார்கள். 1939இல் சிங்கப்பூர் ரொட்டரிக் கழகத்தில் பேச அழைத்தபோது அவர் வைத்த தலைப்பு பாலும் கொலையும். தவறான தகவலைச் சொல்லிக் குழந்தைக்குப் பொருத்தமில்லாத பாலை விற்பதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று வர்த்தகர்கள் நிறைந்த அந்த மண்டபத்தில் வாதிட்டார்.

இந்தப் பேச்சை எங்கள் வாசகர்கள் முன் வைக்கும்போது ஒரு விடயத்தைச் சேர்த்தே சொல்ல வேண்டும். 2009 ஏப்ரலில் அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்காக வரிசையில் நின்ற பெண்களும் பிள்ளைகளும் எறிகணை வீச்சுக்கு இலக்கானதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை பதிந்திருக்கிறது. இறந்த தாய்மார் சிலரின் கைகளில் பால்மா அட்டைகள் அப்போதும் இருந்தன. வில்லியம்ஸின் கோபம் இப்படியான தாய்மார் மீது இருக்கவில்லை. அக்ராவில் குவாசியோக்கர் பிள்ளைகளைக் காப்பாற்ற அவரே ரின்பாலைத்தான் கொடுத்தார். விற்பவனின் பொய்தான் அவருக்குக் குற்றம். பாலைத் தேடி நிற்கும் தாயைக் குற்றம் சொல்லும் வரி எதையும் அவர் எழுத்துகளில் நான் காணவில்லை. இடம்பெயர்ந்தவர்களுக்கான முகாம்களில் தாய்மாருக்கு அறிவுரை சொல்ல வந்த சிலர் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டிருந்தார்கள்.

1941இல் அவரை மலாயாவின் வடகிழக்கிலுள்ள திரெங்கானுவுக்கு அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் யப்பானியப் படை அதே கரைப்பக்கமாகவே இறங்கியது. வில்லியம்ஸ் காட்டுவழி நடந்து, கிடைத்ததில் ஏறி, சிங்கப்பூருக்குத் தப்பி வந்தார். 1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் சரணடைந்தது. பிரித்தானியப் பொதுமக்களோடு அவரும் சாங்கிச் சிறைக்குப் போனார். 600 கைதிகளுக்கென்று கட்டிய சிறைக்குள் ஆயிரக்கணக்கானோர்.

மூன்றரை ஆண்டுகள். உணவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனது. இன்னொருவர் உடலில் பார்த்து எழுதிய போசணைக் குறைபாட்டை இப்போது தன் உடலில் பார்த்தார். பெண்கள் பகுதிக்குப் பொறுப்பானவர்களில் ஒருவராக இருந்தபடியே வைத்தியமும் பார்த்தார். சிறைக்குள் 20 குழந்தைகள் பிறந்தன என்றும், 20க்கும் தாய்ப்பாலே கொடுக்கப்பட்டது என்றும், 20உம் உயிரோடு வெளியே வந்தன என்றும் பின்னாளில் அவர் கணக்குச் சொன்னார். ரின்பால் கிடைக்காத இடத்தில், பட்டினி கிடந்த தாய்மாரின் பாலில் அந்தப் பிள்ளைகள் பிழைத்தன. முள்வேலிக்குள் பிள்ளை பெற்றவர்களும் பிள்ளை வளர்த்தவர்களும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு அவர்களுக்குப் புரியும். ஆனால் எல்லாத் தாய்க்கும் அது கைகூடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சாங்கியில் எறிகணை விழவில்லை.

1943 செப்டெம்பர் கடைசியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் யப்பானியக் கப்பல்கள் வெடிவைத்து மூழ்கடிக்கப்பட்டன. சிறைக்குள்ளிருந்து யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று கெம்பித்தாய் எனும் இராணுவப் பொலிஸ் சந்தேகித்தது. ஒக்டோபர் 10 தொடங்கிய தேடுதலுக்குப் பிறகு கைதானவர்களில் வில்லியம்ஸும் ஒருவர். செய்யாத உளவுக்காக மாதக்கணக்கில் கூண்டில், செத்துக்கொண்டிருந்த ஆண்களோடு அடைக்கப்பட்டு, பட்டினி போடப்பட்டு, சித்திரவதைக்குள்ளானார். போர் முடிந்த 1945இல் அவர் வைத்தியசாலைக் கட்டிலில் சாகும் நிலையில் கிடந்தார். பெரிபெரி அவருடைய பாதங்களின் உணர்வை எடுத்துவிட்டது. கடைசிவரை அது திரும்பவில்லை.

அப்போது வயது 51. எழும்பி நடந்தார்.

1948இல் உலக சுகாதார ஸ்தாபனம் தொடங்கியபோது அதன் தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவராக ஜெனீவாவுக்கு அழைக்கப்பட்டார். அதே ஆண்டில்தான் நோய்களின் சர்வதேசப் பட்டியலின் ஆறாவது பதிப்பை அந்த ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. அதுவரை அது பெரும்பாலும் சாவுக்கான காரணங்களின் பட்டியலாகவே இருந்தது. ஆறாவது பதிப்பில் உயிரோடிருப்பவர்களின் நோய்களும் சேர்ந்தன. வளராமல் நிற்கும் பிள்ளைக்கு இது சின்ன விடயமல்ல. அந்தப் பிள்ளை உடனே சாவதில்லை. செத்தாலும் சாவுக்குக் காரணம் சின்னமுத்து என்றோ நிமோனியா என்றோதான் எழுதப்படும்.

வில்லியம்ஸ் தலைமை வகித்த காலத்தில் ஆபிரிக்க நாடுகளில் குவாசியோக்கரைத் தேடி ஒரு ஆய்வு ஏற்பாடானது. புரொக், ஒட்ரே என்ற இருவர் பயணம் செய்து எழுதிய அறிக்கை 1952இல் வெளிவந்தது. தேடிய இடமெல்லாம் நோய் இருந்தது. பெலக்ரா என்ற வாதம் அதோடு ஓய்ந்தது. பின்பு வந்த ஒன்பதாவது பதிப்பில் குவாசியோக்கருக்கு 260 என்ற இலக்கம் தனியே கிடைத்தது.

அதன் பிறகு வேறொரு வழியில் கதை திரும்பியது, அதையும் மறைக்கத் தேவையில்லை. புரதம்தான் குறைவு என்றதும் உலகமே புரதத்தின் பின்னால் ஓடியது. சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்து, குன்னூரிலும் ஹைதராபாத்திலும் ஆய்வு செய்த கோபாலன் அதை மறுத்தார். ஒரே ஊரில் ஒரே உணவைச் சாப்பிடும் பிள்ளைகளில் ஒன்றுக்கு வீக்கத்தோடு குவாசியோக்கரும் இன்னொன்றுக்கு எலும்பும் தோலுமான மரஸ்மஸும் வருவதைக் காட்டினார். மொத்தச் சாப்பாடே போதவில்லை என்பதுதான் அவர் கண்டது. வீக்கம் ஏன் வருகிறது என்பது இன்றும் முழுதாகத் தீர்ந்த கேள்வி அல்ல. வில்லியம்ஸுக்கு இதில் பெரிய மனத்தாங்கல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர் கடைசிவரை அழுத்திச் சொன்னது புரதத்தை அல்ல, தாயையும் பிள்ளையையும் பிரித்துப் பார்க்காத பராமரிப்பை.

பிந்திய ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜமெய்க்காவில் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்த வாந்தி நோயை ஆராய்ந்தார். லண்டனில் கற்பித்தார். 1960களின் தொடக்கத்தில் பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபடி பலஸ்தீன அகதிகளிடையேயும் வேலை செய்தார். 1972இல் டெரிக் ஜெலிஃப் என்பவரோடு சேர்ந்து தாய் சேய் நல சேவைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். தொண்ணூறு வயதை நெருங்கியும் உணர்ச்சியற்ற பாதங்களோடு நாடு நாடாகப் பயணித்தார். 1992 ஜூலை 13 ஒக்ஸ்போர்ட்டில் 98ஆவது வயதில் காலமானார்.

அதே 1992இல் நோய்ப் பட்டியலின் பத்தாவது பதிப்பு அச்சில் வந்தது. இலங்கை வைத்தியசாலைகளின் புள்ளிவிபரம் இன்னமும் அதன் குறியீடுகளில்தான் திரட்டப்படுகிறது. அதில் ஈ40 குவாசியோக்கர். ஈ41 மரஸ்மஸ். ஈ42 இரண்டும் கலந்தது. ஈ45 என்பது போசணைக் குறைபாட்டினால் தடைப்பட்ட வளர்ச்சி, வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளை இதற்குள் வரும். இவற்றுக்குப் பல அத்தியாயங்கள் தள்ளி இன்னொரு இடம் இருக்கிறது. ஆர்62. எதிர்பார்க்கும் இயல்பான விருத்தி இல்லாமை. நேரத்துக்கு இருக்காத, நடக்காத, பேசாத பிள்ளைக்கு ஆர்62.0. நிறை கூடாத, வளராத பிள்ளைக்கு ஆர்62.8.

ஈ45க்கும் ஆர்62.8க்கும் இடையிலான தூரத்தைக் கவனியுங்கள். இரண்டிலும் பிள்ளை ஒரே உயரமாக இருக்கலாம். ஒன்று சாப்பாடு போதவில்லை என்று சொல்கிறது. மற்றது பிள்ளை வளரவில்லை என்பதை மட்டும் சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. ஆர் என்ற அத்தியாயமே காரணம் இன்னும் பிடிபடாத அறிகுறிகளுக்கானது. போசணைக் குறைபாட்டால் என்று தெரிந்தால் இங்கே எழுதாதீர்கள், ஈ45க்குப் போங்கள் என்று அந்தப் பட்டியலே அறிவுறுத்துகிறது. ஆர்62 எழுதுவது பிழை என்று நான் சொல்லவில்லை. இதயக் கோளாறு, தைரொயிட், பரம்பரைக் குறைபாடுகள் என்று எத்தனையோ காரணங்களால் பிள்ளை வளராமல் இருக்கலாம். பரிசோதனை முடியும்வரை அதுவே நேர்மையான பதில். அதுவே கடைசிப் பதிலாகவும் நின்றுவிட்டால்தான் சிக்கல். அப்போது பட்டினி புள்ளிவிபரத்திலிருந்து காணாமல் போகிறது. புள்ளிவிபரத்தில் இல்லாத பட்டினிக்குத் திரிபோஷாவும் ஒதுக்கப்படாது, நிதியும் ஒதுக்கப்படாது.

குறியீட்டை இடுபவர் பிள்ளையைக் காண்பதில்லை. வைத்தியர் எழுதிய நிர்ணயத்தைப் பார்த்துத்தான் இடுகிறார். வைத்தியர் எழுதுவது அவர் என்ன கேட்டார், தாய் என்ன சொன்னார் என்பதில் தங்கியிருக்கிறது. ஆகவே கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள், வளர்ச்சிக் கோடு எந்த மாதத்தில் சரியத் தொடங்கியது என்று காட்டுங்கள். எத்தனை மாதம் தாய்ப்பால், அந்த மாதங்களில் வீட்டில் என்ன சமைத்தீர்கள், எங்கே இருந்தீர்கள் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சாப்பாடு காணாது என்று சொல்ல வெட்கமாக இருக்கும். டயக்னோசிஸ் காட்டில் எழுதியது விளங்காவிட்டால் வீட்டுக்கு வரும் முன் கேட்டுக்கொள்ளலாம்.

குறியீட்டுக்கு முன்பே தவறவிடப்பட்ட பிள்ளைகளும் உண்டு. இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரமும் நிறையும் எடுக்கப்படும் பெரிய வீட்டு அளவீடு குடித்தொகை சுகாதார மதிப்பீடு. 2000ஆம் ஆண்டின் மதிப்பீடு வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வரவில்லை. 2006, 2007இல் நடந்தது கிழக்குக்கு வந்தது, வடக்குக்கு வரவில்லை. காரணம் யுத்தம். 25 மாவட்டங்களையும் அது தொட்டது 2016இல்தான். வாழ்வின் முதல் இரண்டு ஆண்டுகளில் நின்றுபோன உயரம் பிறகு முழுதாக எட்டிப்பிடிப்பது அரிது என்பதால் இந்த வயதுதான் முக்கியம். 2007இல் வன்னியில் பிறந்த ஒரு பிள்ளை 2016இல் ஒன்பது வயதைத் தொட்டிருந்தது. ஐந்து வயதைத் தாண்டிவிட்டதால் அந்த முறையும் அதை அளக்கவில்லை.